மூலத்துக்கு ஒரு சாண் கீழே

வைகாசி பிறக்கும் சமயத்தில், நள்ளிரவு தாண்டி இரண்டு மணி வாக்கில், திண்டுக்கல் அருகே சிறுமலையில் தெற்கு பார்த்து நில்லுங்கள். தேளின் வால் வானத்தின் பாதி உயரத்தில் வளைந்து தொங்கும். அந்த வாலின் நுனிதான் மூலம். கையை முழுக்க நீட்டி, கட்டைவிரல் நுனியை மூலத்தில் வைத்து விரல்களை விரித்தால், சுண்டுவிரல் ஒரு சாண் கீழே போய் நிற்கும். அங்கிருந்து இன்னொரு சாண் இறங்கினால் தொடுவானம். மரங்களின் கறுப்பு விளிம்பு, அதற்கு அப்பால் மதுரைப் பக்கத்து வெளிச்சம். இரண்டு சாணுக்கும் நடுவே, சுண்டுவிரல் நின்ற அந்த இடத்தில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. பலிபீடம் என்று மேலைநாட்டார் பெயரிட்ட விண்மீன் கூட்டத்தின் ஒரு மூலை அது. நாம் பூமத்தியரேகைக்குப் பத்து பாகை வடக்கே மட்டும் இருப்பதால் அந்த இடம் நமக்கு இருபது பாகை உயரத்துக்கு வருகிறது. தில்லியில் அது இரண்டு பாகைகூட எழும்பாது.

அங்கே இருக்கும் ஒரு பொருளின் வாழ்க்கை வரலாறுதான் இந்தக் கட்டுரை. அதற்கு எஸ்ஏஓ 244567 என்று ஒரு பெயர். ஹெனைஸ் 3-1357 என்று இன்னொன்று. ஐராஸ் 17119-5926, வி839 ஆரே, திருக்கை நெபுலா என்றும் பெயர்கள் உண்டு. ஒவ்வொரு பெயரையும் ஒரு பதிவேடு கொடுத்தது. ஒரு பதிவேட்டுக்கு அது வெறும் விண்மீன். அடுத்ததற்கு ஒளிக்கோடு உமிழும் விண்மீன், பிறகு தூசி சூழ்ந்த வெப்பப் புள்ளி, பொலிவு மாறும் விண்மீன், கடைசியில் கோள் நெபுலா. எழுதியவர்கள் யாரும் கவனக்குறைவாக எழுதவில்லை. அவரவர் பார்த்த நாளில், அவரவர் கருவிக்கு, அது அப்படித்தான் தெரிந்தது.

நமக்குக் கிடைத்திருக்கும் அதன் முதல் படம் 1889-ஐச் சேர்ந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகம் தென் வானத்தைப் படமெடுக்க அந்த ஆண்டில்தான் பெரு நாட்டு மலையொன்றில் நிலையம் அமைத்தது. அன்று வானத்தைப் படமெடுக்க ஃபிலிம் பயன்படவில்லை. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, தொலைநோக்கியில் செருகி, மணிக்கணக்கில் வானத்தைக் காட்டினார்கள். அடுத்த நூறு ஆண்டுகளில் அந்த வானாய்வகத்தில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான தகடுகள் சேர்ந்தன. அவற்றில் சிலவற்றில் ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு நடுவே நம் பொருளும் ஒரு புள்ளி. அப்போது அதன் பொலிவெண் 10.30. கண்ணால் காணக்கூடிய எல்லை ஏறத்தாழ 6. எண் கூடக்கூட ஒளி குறையும். சின்னத் தொலைநோக்கியில் தெரியக்கூடிய, யாரும் தனியாகக் கவனிக்கக் காரணமில்லாத ஒரு நீலவெண் விண்மீன்.

பிற்காலத்தில் பிராட்லி ஷேஃபர் என்ற வானியலாளர் அந்தப் பழைய தகடுகளை எடுத்து அளந்தபோது ஒரு விஷயம் தெரியவந்தது. 1889-இலிருந்து 1980-க்குள் அது 10.30-இலிருந்து 10.76-க்கு இறங்கியிருந்தது. தொண்ணூறு ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு ஒளி போயிருந்தது. நடந்தபோது அதை யாரும் அறியவில்லை.

1949 முதல் 1951 வரை கார்ல் ஹெனைஸ் என்ற இளைஞர் தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபோன்டைனில் தங்கித் தென் வானத்தைப் படமெடுத்தார். தொலைநோக்கியின் முகப்பில் பட்டகம் மாட்டப்பட்டிருந்தது. அதனால் ஒவ்வொரு விண்மீனும் தகட்டில் புள்ளியாக விழாமல் சிறு நாடாவாக விரிந்து விழுந்தது. ஹைட்ரஜன் கிளர்ந்து ஒளிரும் இடங்களில் நாடாவின் சிவப்புப் பகுதியில் ஒரு பிரகாசமான பொட்டு தெரியும். அந்தப் பொட்டுகளைத் தேடி எடுத்தார் ஹெனைஸ். கிடைத்தவற்றை அவர் இரண்டு பட்டியல்களாகப் பிரித்ததுதான் நம் கதைக்கு முக்கியம். கோள் நெபுலாக்கள் 1967-இல் ஒரு பட்டியலாக வந்தன. ஒளிக்கோடு உமிழும் விண்மீன்கள் 1976-இல் தனிப் பட்டியலாக வந்தன. நம் பொருள் இரண்டாவதில் 1357-ஆவது எண்ணாக இடம்பெற்றது. ஹெனைஸ் பின்னாளில் விண்வெளி வீரராகி 1985-இல் சேலஞ்சர் விண்கலத்தில் பறந்தார். 1993-இல் எவரெஸ்ட் பயணத்தில் இறந்தார். அந்த 1993-இல்தான் அவருடைய பட்டியல் எண் ஒன்று வேறு பட்டியலுக்கு மாறியது. அதைப் புரிந்துகொள்ள, இந்தப் பிரிப்பு ஏன் இவ்வளவு கடினம் என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கோள் நெபுலாவுக்கும் கோள்களுக்கும் எந்த உறவும் இல்லை. வில்லியம் ஹெர்ஷல் 1780-களில் வைத்த பெயர் அது. அவர் கண்டுபிடித்த யுரேனஸைப் போலவே இவையும் தொலைநோக்கியில் சிறிய வட்டத் தட்டாகத் தெரிந்தன. அதுதான் முதல் ஒப்புமை. முதல் மயக்கமும் அதுவே. 1790 நவம்பரில் அப்படி ஒன்றின் நடுவே ஒரு விண்மீனைக் கண்டதும் ஹெர்ஷலின் எண்ணம் மாறியது. அதுவரை எல்லா நெபுலாவும் தூரத்தால் பிரித்தறிய முடியாத விண்மீன் கூட்டமே என்று கருதி வந்தவர், இது உண்மையிலேயே ஒளிரும் ஏதோ ஒரு பாய்மம் என்று எழுதினார். 1864 ஆகஸ்ட் 29 இரவில் வில்லியம் ஹக்கின்ஸ் டிராகன் கூட்டத்து நெபுலா ஒன்றை நிறமாலைமானியில் பார்த்தார். விண்மீனுக்கு உரிய வானவில் பட்டை இல்லை. இருட்டில் சில கோடுகள் மட்டும். அது வாயு என்பது உறுதியாயிற்று. ஆனால் அவற்றில் மிகப் பிரகாசமான பச்சைக் கோடுகள் பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. 'நெபுலியம்' என்று புதுத் தனிமம் ஒன்றைக் கற்பனை செய்து அறுபது ஆண்டுகள் ஓட்டினார்கள். 1927-இல் ஐரா போவன் விடை கண்டார். இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன்தான் அது. பூமியின் ஆய்வகத்தில் அணுக்கள் ஓயாமல் மோதிக்கொள்வதால் அந்த ஒளியை உமிழ அவகாசம் கிடைப்பதில்லை. நெபுலாவின் வாயு அவ்வளவு மெலிதாக இருப்பதால், மோதல் இல்லாத அமைதியில் ஆக்சிஜன் அந்தப் பச்சையை உமிழ்கிறது.

சூரியனைப் போன்ற விண்மீன், முதுமையில் ஊதிப் பெருத்துச் செம்பூதமாகி, மேலுறையைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கும். உள்ளே இருந்த சூடான கரு வெளிப்படும். கரு சுருங்கச் சுருங்கச் சூடேறும். அதன் புற ஊதாக் கதிர்கள் உதிர்ந்த வாயுவை எட்டி ஒளிரச் செய்தால் அது கோள் நெபுலா. சில பத்தாயிரம் ஆண்டுகளில் வாயு கலைந்துவிடும். கரு வெண்குறுமீனாக மிஞ்சும். நம் சூரியனுக்கும் முன்னால் இருக்கும் பாதை இதை ஒத்ததே.

சிக்கல் என்னவென்றால், சூடான விண்மீன் ஒன்றும் பக்கத்தில் வாயுவும் இருந்தால் போதும், வானத்தில் எங்கும் இதைப் போன்ற தோற்றம் வந்துவிடும். வெண்குறுமீனும் செம்பூதமும் சேர்ந்து வாழும் இணைமீன்களில் ஒன்றின் வாயுவை மற்றொன்று ஒளிரச் செய்யும். தொலைவிலிருந்து அது அச்சாகச் சின்னக் கோள் நெபுலா. இளம் பெருவிண்மீன் பிறந்த முகிலும் அதே சிவப்பில், அதே பச்சையில் ஒளிரும். வெடித்த விண்மீனின் சிதறலும் வட்டமாகத் தெரியும். சில சமயம் வழிப்போக்கனாகச் செல்லும் ஒரு சூடான விண்மீன் தனக்குச் சம்பந்தமே இல்லாத வாயுவில் வெளிச்சம் போட்டுவிட்டுப் போகும். ஜார்ஜ் ஏபெல் பாலோமர் வானாய்வகத் தகடுகளிலிருந்து தொகுத்த பட்டியலின் 35-ஆம் எண் நெடுங்காலம் கோள் நெபுலாவாகவே எண்ணப்பட்டது. இன்று அது இந்த வழிப்போக்கன் வகையில் சேர்க்கப்படுகிறது.

பிரித்தறிய வழிகள் உண்டு. எளியது 1880-இல் ஹார்வர்டின் எட்வர்ட் பிக்கரிங் செய்தது. தொலைநோக்கியின் கண்வில்லை அருகே ஒரு பட்டகத்தை வைத்தார். விண்மீன்கள் எல்லாம் நாடாவாக விரிய, நெபுலா மட்டும் புள்ளியாகவே நின்றது. இன்றும் பொழுதுபோக்கு வானியலாளர்கள் ஆக்சிஜன் பச்சையை மட்டும் விடும் வடிகட்டியைக் கண்வில்லை முன்னால் பிடித்தும் எடுத்தும் பார்க்கிறார்கள். சுற்றியுள்ள விண்மீன்கள் மங்கும், நெபுலா மங்காது. அதற்கு மேல் நிறமாலைதான் சாட்சி. நீலப் பகுதியில் ஆக்சிஜனின் இன்னொரு கோடு அளவுக்கு மீறி வலுத்திருந்தால் வாயு அடர்த்தி மிகுந்தது, இணைமீனாக இருக்கலாம். டைட்டானியம் ஆக்சைடின் பட்டைகள் தெரிந்தால் உள்ளே செம்பூதம் ஒளிந்திருக்கிறது. கந்தகக் கோடுகள் ஓங்கியிருந்தால் அதிர்வலை அடித்த வாயு, பெரும்பாலும் வெடித்த விண்மீனின் சிதறல். இவற்றோடு தூசியின் அகச்சிவப்பு நிறம், வாயு விரியும் வேகம், நடுவில் நீல விண்மீன் உண்டா என்ற கேள்வி. ஒரு சாட்சி மட்டும் போதாது. கோள் நெபுலாக்களுக்கான இன்றைய பெரிய தரவுத்தொகுப்பான 'ஹாஷ்' அவற்றை உறுதியானவை, வாய்ப்புள்ளவை, ஐயத்துக்குரியவை என்று மூன்றாகப் பிரித்தே வைத்திருக்கிறது.

இத்தனை சோதனைகளும் ஒரே இரவில் செய்யக்கூடியவை. நம் பொருள் கேட்டது இன்னொரு சோதனையை. சிறுமலை வாழைப்பழம் வாங்கத் தெரிந்தவர்கள் பழத்தின் நிறத்தைப் பார்த்து உடனே தீர்ப்புச் சொல்வதில்லை. வீட்டில் சில நாள் வைத்துப் பார்ப்பார்கள். தோல் சுருங்கச் சுருங்க உள்ளே சதை கெடாமல் இறுகி இனித்தால் அது மலைப்பழம். ஒரே மாதிரி இருக்கும் இரண்டை நாள்தான் பிரித்துக் காட்டுகிறது.

1983-இல் ஐராஸ் என்ற விண்கலம் அகச்சிவப்புக் கதிரில் ஏறத்தாழ வானம் முழுவதையும் துழாவியது. பத்து மாதம்தான் அதன் ஆயுள். லட்சக்கணக்கான வெப்பப் புள்ளிகள் அதன் பட்டியலில் குவிந்தன. நெதர்லாந்தின் குரோனிங்கனில் இருந்த ஸ்டூவர்ட் பாட்டாஷும், இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த முடும்பை பார்த்தசாரதியும் அந்தப் பட்டியலில் ஒரு குறிப்பிட்ட வகையைத் தேடினார்கள். சூடான விண்மீனாக இருந்துகொண்டே, சற்றுத் தள்ளிக் குளிர்ந்த தூசி உறை ஒன்றையும் வைத்திருப்பவை. மேலுறையை உதிர்த்துவிட்டு, இன்னும் அதை ஒளிரச் செய்யாத இடைநிலை விண்மீன்கள் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணிப்பு. ஹெனைஸ் 3-1357 அந்த வலையில் சிக்கியது.

இந்த இடத்தில் திண்டுக்கல்காரனாக எனக்கு ஒரு பெருமிதம் உண்டு. பார்த்தசாரதி பணியாற்றிய நிறுவனத்தின் வேர் நம் மாவட்டத்தில் இருக்கிறது. சென்னை வானாய்வகத்தின் தொடர்ச்சியாகக் கொடைக்கானலில் 1899-இல் தொடங்கிய வானாய்வகம்தான் வைணு பாப்புவின் தலைமையில் 1971-இல் இந்திய வான் இயற்பியல் நிறுவனமாயிற்று. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை அவர் அமைத்ததற்கும் நம் அட்சரேகை ஒரு காரணம்: வடக்கே இருப்பவர்களுக்குத் தெரியாத தென் வானம் இங்கே தெரிகிறது.

அதே 1971-இல் எடுக்கப்பட்ட நிறமாலை ஒன்றில் நம் பொருள் சுமார் இருபதாயிரம் டிகிரி வெப்பமுள்ள விண்மீனாக இருந்தது. ஹைட்ரஜன் கோடு மட்டும் ஒளிர்ந்தது. நெபுலாவின் பச்சைக்கோட்டுக்கு அடையாளமே இல்லை. ஆக, ஹெனைஸ் அதை விண்மீன் பட்டியலில் வைத்தது சரிதான். 1990-இலும் 1992-இலும் ஐரோப்பியத் தென்வானாய்வகத்தில் பார்த்தசாரதி குழுவினர் மீண்டும் நிறமாலை எடுத்தபோது ஆக்சிஜன் கோடுகள் கொழுந்துவிட்டு எரிந்தன. இடையில் இருபது ஆண்டுகள்தான். அந்த இருபது ஆண்டுகளில் ஒரு விண்மீன், நெபுலாவின் நடுவிண்மீனாக மாறியிருந்தது. கோட்பாடு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் என்று கணக்கிட்டிருந்த மாற்றம் அது. 1993-இல் கட்டுரை வெளியானது: கடந்த நாற்பது ஆண்டுகளுக்குள் கோள் நெபுலாவாகிவிட்ட விண்மீன் என்று.

தலைப்பில் அவர்கள் ஒரு கால அளவைச் சொல்லியிருப்பது என்னை நெகிழ வைக்கிறது. 1971-இன் நிறமாலை பாதுகாக்கப்படாமல் போயிருந்தால் 1990-இல் கண்டது இன்னொரு சிறிய கோள் நெபுலா, அவ்வளவே. பழையது ஒரு பக்கம் இருந்ததால்தான் புதியதன் பொருள் விளங்கியது.

ஹப்பிள் தொலைநோக்கி அதன் உருவத்தை முதலில் 1992-இலும், பழுது நீக்கிய கண்ணோடு 1996-இலும் படமெடுத்தது. வானத்தில் அதன் அளவு 1.6 விகலை. சிறுமலை மிளகு ஒன்றை அறுநூறு மீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு. அந்த மிளகுக்குள் ஒரு வளையம், அதன் இரு பக்கமும் குமிழி, குமிழிகளின் முனையில் வாயு பீறிட்ட துளை, நடுவிண்மீனை ஒட்டி ஒரு துணை விண்மீன். வடிவத்தைப் பார்த்து நம் கடலோரத்துத் திருக்கை மீனின் பெயரை வைத்தார்கள். மேத்யூ பாப்ரௌஸ்கி, கைலாஷ் சாஹு, பார்த்தசாரதி, பெட்ரோ கார்சியா-லாரியோ நால்வரும் 1998-இல் நேச்சர் இதழில் இந்தப் பிறப்பை எழுதினார்கள். அறியப்பட்ட கோள் நெபுலாக்களில் மிக இளையது இதுவே என்ற பெயர் கிடைத்தது.

ஆனால் கோள் நெபுலா என்று எழுதியதோடு கதை முடியவில்லை. 1988-இல் ஐயூஇ என்ற புற ஊதா விண்கலம் பார்த்தபோது நடுவிண்மீனிலிருந்து விநாடிக்கு 3,500 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசிக்கொண்டிருந்தது. 1994-க்குள் அந்தக் காற்று கிட்டத்தட்ட நின்றுவிட்டது. விண்மீனின் புற ஊதா ஒளி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. 1980-இல் 10.76-ஆக இருந்த நடுவிண்மீனின் பொலிவெண் 1996-இல் 14.64. அதாவது பதினாறு ஆண்டுகளில் முப்பத்தைந்து மடங்கு மங்கல். ஆனால் வெப்பம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. நிக்கோல் ரைண்டல் குழுவினரின் கணக்குப்படி 1988-இல் 38,000 டிகிரி, 2002-இல் 60,000. அதுதான் உச்சம். 2015-இல் மறுபடியும் 50,000-க்கு இறங்கியிருந்தது, விண்மீன் மீண்டும் விரியத் தொடங்கியிருந்தது. அணைந்து கொண்டிருந்த கருவைச் சுற்றியுள்ள ஹீலியம் ஓடு திடீரென்று பற்றிக்கொண்டு, விண்மீனைப் பழைய செம்பூத நிலைக்கே திருப்பி இழுக்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். அது எல்லாக் கணக்குக்கும் பொருந்தவில்லை. ஷேஃபரின் அளவீடுகள் இருக்கும் கோட்பாடுகளோடு கடுமையாக மோதுகின்றன.

நடுவிலிருந்த அடுப்பு தணிந்தால் வாயு என்ன செய்யும்? எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் அவற்றை மீண்டும் பிடித்துக்கொள்ளும், பச்சை அணையும். 2016-இல் ஹப்பிள் மறுபடியும் அதே இடத்தைப் படமெடுத்தது. புரூஸ் பாலிக், மார்ட்டின் கெரேரோ, ஹெரார்டோ ரமோஸ்-லாரியோஸ் மூவரும் இரண்டு படங்களையும் அருகருகே வைத்து அளந்தார்கள். இருபது ஆண்டுகளில் ஆக்சிஜன் ஒளி ஏறத்தாழ தொள்ளாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. 1996-இல் தெளிவாக இருந்த இழைகள் 2016-இல் கலங்கியிருந்தன. இதே வேகத்தில் போனால் இன்னும் இருபது முப்பது ஆண்டுகளில் அந்த நெபுலாவைக் கண்டறிவதே கடினம் என்று 2020 இறுதியில் அறிவித்தார்கள்.

திருக்கை நெபுலாவின் தூரம் சுமார் 18,000 ஒளியாண்டு. அங்கே எல்லாம் எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. அந்த நிகழ்ச்சியின் ஒளி நம்மைக் கடந்துபோன காலமும், மனிதர்கள் அதைப் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்த காலமும் ஒன்றாக அமைந்தது பெரும் பேறு. அந்த ஒளி இருநூறு ஆண்டு முன்னால் வந்திருந்தால் அதைப் பிடிக்க ஒரு கண்ணாடித் தகடுகூட இருந்திருக்காது.

2050 வாக்கில் யாரோ ஒருவர் மூலத்துக்கு ஒரு சாண் கீழே தொலைநோக்கியைத் திருப்புவார். அவருக்கு அங்கே மங்கலான ஒரு விண்மீன் மட்டும் தெரியலாம். எத்தனை திறமை இருந்தாலும், அன்றைய ஒரு பார்வையை வைத்து அது கோள் நெபுலாவாக இருந்தது என்று அவரால் சொல்ல முடியாது. ஆனால் புளூம்ஃபோன்டைன் தகடும், 1971-இன் நிறமாலையும், ஹப்பிளின் படங்களும் தேதியோடு இருப்பதால் அவரால் அதைச் சொல்ல முடியும். போலியிலிருந்து அசலைப் பிரிக்க நமக்கு இருக்கும் எல்லாக் கருவிகளிலும் மலிவானது அந்தத் தேதிதான்.

சிறுமலைக்கு வானம் பார்க்க வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது நோட்டுப் புத்தகம். பதினெட்டு கொண்டை ஊசி வளைவு ஏறி, குளிரில் நடுங்கி, தொலைநோக்கியில் வாய் பிளந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனால் அது ஒரு நல்ல இரவு. எழுதி வைத்துவிட்டுப் போனால் அது இன்னொருவருக்கும் உதவும். அந்தத் தென்கோடி மூலையில் ஒன்றுமே தெரியவில்லை என்றாலும் எழுதச் சொல்கிறேன். முதல் வரியில் தேதியும் மணியும். அடுத்த வரியில், பார்த்தது எதுவோ அது.